ஐந்து பேருக்கான அடுப்பு

தோணி காணாமல் போன நாற்பத்தோராம் நாளில்தான் மெற்றில்டா வீட்டுப் புகையடுப்பு வளரத் தொடங்கியது என்று பாய்மரத் தெருவில் சொல்வார்கள். தெரு சொல்வதை அப்படியே நம்பினால் எந்தக் கதையையும் சரியான இடத்தில் ஆரம்பிக்க முடியாது. அது தொடங்கியது அதற்கும் முன்னால், தோணி கடலில் மிதந்துகொண்டிருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்து முற்பகலில், தூத்துக்குடி கடைவீதியில் ஆறுமுகநயினாரின் அடுப்புக்கடையில், அவர் கேட்ட ஒரு சாதாரணக் கேள்விக்கு அவள் சொன்ன சாதாரணமான பதிலில்.

மெற்றில்டாவின் கணவன் கயத்தான் தோணியில் பண்டாரி, அதாவது ஒன்பது ஆட்களுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவன். மூத்த மகன் இன்னாசியும் இளையவன் லேயோனும் அதே தோணியில்தான் வேலை பார்த்தார்கள். வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவார்கள், இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். அப்படிப் போன ஒரு தடவை, அங்கே ஒரு ஓட்டலின் பின்கட்டில், மூடி போட்ட இரும்புப் பெட்டி ஒன்றைக் கயத்தான் பார்த்துவிட்டான். அதன் ஒரு பக்கத்துத் தொட்டியில் கோழித்தீவனம் மாதிரி பொடிப்பொடியான மரக்குச்சிகளைக் கொட்டினால் போதும், பெட்டி தானே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, தானே எரித்து, தானே புகை போட்டு, நாலு மணி நேரத்தில் சூரை மீனைத் தேன் நிறத்தில் வெளியே கொடுக்கும். அதில் ஒரு துண்டு தின்றுவிட்டு வந்த நாளிலிருந்து அவன் மனைவியின் மீன்குழம்பை முன்போலப் புகழவில்லை, இருபத்தாறு வருடம் வாயைக் கட்டிப்போட்ட குழம்புக்கு ஒரு இரும்புப் பெட்டி சக்களத்தியாக வந்து சேர்ந்ததே என்று அவளும் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஐப்பசியில் கிளம்பும்போது, கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வந்ததும் அதை வாங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வந்து வாங்குவானேன், வரும்போது முற்றத்தில் நின்றால் மனுஷன் வாயைப் பிளப்பானே என்று நினைத்து, மருமகள் ரீட்டாவையும் கூட்டிக்கொண்டு அவள் கடைக்குப் போனாள்.

ஆறுமுகநயினார் ஒரு கரண்டி விற்றாலும் கால்மணி நேரம் பாடம் எடுக்காமல் விற்கமாட்டார். மூன்று அளவில் அடுப்புகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். சிறியது முழங்கால் உயரம், நடுவில் நின்றது இடுப்பளவு, மூன்றாவது கல்யாண வீட்டுக்காரர்கள் வாங்குவது. பெரிதாக வாங்கிவிட்டால் பாதிப் பெட்டி காலியாகக் கிடக்கும், காலிப் பெட்டியில் புகை நிற்காது, சூடு சுவருக்குச் சுவர் அலையும், மீன் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் வறண்டும் வரும் என்றார். சிறிதாக வாங்கிவிட்டால் இரண்டு மூன்று தடவையாகச் சுட வேண்டும், முதலில் தின்றவன் ஏப்பம் விடும்போது கடைசி ஆள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்றார். ஆளுக்கு ஒரு சாண் கம்பித்தட்டு, அதுதான் கணக்கு. அதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் கேட்டார்:

“வீட்டுல எத்தன பேரும்மா?”

“அஞ்சு பேரு அண்ணாச்சி,” என்றாள் மெற்றில்டா.

அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்தது இரண்டே பேர், அவளும் ரீட்டாவும். ஆனால் பாய்மரத் தெருவில் பிறந்தவர்கள் வேறு பதில் சொல்லமாட்டார்கள். கடலுக்குப் போயிருப்பவனையும் சேர்த்துத்தான் அங்கே தலை எண்ணுவது, ரேஷன் கடையில் கேட்டாலும் சரி, கல்யாண வீட்டில் பந்திக்குக் கேட்டாலும் சரி, சொட்டு மருந்து போட வந்த நர்ஸம்மா கேட்டாலும் சரி. அவன் கரையேறும்வரை எண்ணில் ஒன்று குறையக்கூடாது, குறைத்துச் சொன்னால் சொன்ன வாயே அவனைக் கடலில் தள்ளியதாக ஆகிவிடும். மக்கள்தொகை எடுக்க வந்தவர்கள் இந்தத் தெருவில் தலையில் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதனால் ஐந்து என்றாள், நயினாரும் நடுவில் நின்றதைத் துடைத்துக் கொடுத்தார், மீன்பாடி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்து, தூசி படாமல் ஒரு கட்டில் விரிப்பைப் போட்டு மூடினார்கள்.

நான்கு நாள் கழித்துக் கடலில் புயல் வந்தது. மற்றத் தோணிகள் ஏதோ ஒரு கரையில் ஒதுங்கின, ஒன்பது பேர் போன அந்தத் தோணி எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. தேடப் போன கப்பல் தேடியது, விமானம் தேடியது, தெருவின் ஆண்கள் படகெடுத்துப் போய் எட்டு நாள் தேடினார்கள். ஒரு பலகை கிடைக்கவில்லை, ஒரு வெங்காயச் சாக்கு கிடைக்கவில்லை. ஏதாவது ஒன்று கரை ஒதுங்கியிருந்தால் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம், அதுவும் இல்லாததால் தெரு அழவில்லை, எண்ணையும் குறைக்கவில்லை. ஒன்பது பேரும் கடலில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாற்பத்தோராம் நாள் மெற்றில்டா முற்றத்தைக் கூட்டும்போது, அடுப்பை மூடியிருந்த விரிப்பு கீழே எட்டாமல், இரும்புக் கால்கள் நாலு விரற்கடை வெளியே தெரிந்தன. துணி சுருங்கிவிட்டது என்றாள். ரீட்டா தையல்காரி, ஒரு துணி சுருங்கியிருக்கிறதா இல்லையா என்று தொட்டே சொல்லிவிடுவாள். அவள் டேப்பை எடுத்து முதலில் துணியையும் பிறகு அடுப்பையும் அளந்து பார்த்துவிட்டு, துணி அப்படியேதான் இருக்கிறது, அடுப்புதான் வளர்ந்திருக்கிறது என்று சொல்லி, தையல் சாக்குக்கட்டியால் முற்றத்துச் சுவரில் அதன் உயரத்துக்கு ஒரு கோடு போட்டாள். அடுத்த வாரம் அதற்கு மேலே ஒரு விரற்கடையில் இன்னொரு கோடு போட வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரமும் போட்டாள்.

தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்படுவதற்கு அவர்களிடம் மிச்சம் எதுவும் இருக்கவில்லை. வெயிலுக்கு இரும்பு விரியும் என்று கொத்தனார் ஒருவர் சொன்னார், அது தை மாதம் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. பெட்டி உயர்ந்தது, அகன்றது, மூடி கனத்தது, உள்ளே கம்பித்தட்டுகள் தாமாகக் கூடின, குச்சி போடும் தொட்டி அண்டாவாகியது, ஆனால் அதன் மின்சார ஒயர் மட்டும் வாங்கிய அன்றிருந்த நீளத்திலேயே நின்றுவிட்டதால், எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை வாங்கி ஜன்னல் வழியாக இழுக்க வேண்டியதாயிற்று. சும்மா போட்டால் துருப்பிடித்துவிடும், வந்ததும் மனுஷன் கத்துவான் என்று சொல்லி, சனிக்கிழமைதோறும் மெற்றில்டா அதைப் பற்றவைத்தாள். நயினார் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. பெட்டிக்குள் புகை நிற்கவில்லை, மீன் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சருகு. கொடுத்தனுப்பிய வீடுகளில் எல்லாம் நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் பூனைக்குப் போட்டார்கள்.

ஆவணி வாக்கில் அடுப்பு ஆள் உயரம் ஆனபோது, பக்கத்து வீட்டுக் கொர்னேலி வந்தாள். அவளுடைய கணவன் மிக்கேல்தான் அந்தத் தோணிக்குத் தண்டல், எல்லோரையும் கொண்டுபோய்க் கொண்டுவருகிற பொறுப்பு அவனுடையது, அந்தப் பொறுப்பைக் கணவன் இல்லாத நேரத்தில் அவள் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, விரலை மடக்கி மடக்கித் தட்டுகளை எண்ணினாள்.

“ஒன்பது இருக்கு மதினி,” என்றாள். “இது ஒங்க வீட்டு அடுப்பு மட்டும் இல்ல. ஒன்பது பேருக்கும் சேத்துத்தான் இடம் போட்டுக்கிட்டு இருக்கு.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை தோணி ஆட்களின் வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் மீனோடு வந்தார்கள், தங்கள் வீட்டு ஆளுக்கு உரிய தட்டில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டினார்கள், மிக்கேலுக்குச் சிவப்பு, கயத்தானுக்கு நீலம் என்று ஆளாளுக்கு இடம் பிரித்துக்கொண்டார்கள். இன்னும் இடம் போடுகிறது என்றால் இன்னும் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அன்றிரவு நன்றாகத் தூங்கினார்கள். பங்குச்சாமி வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டு, திருச்சபை இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் தானும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று சொல்லி ஒரு துண்டு மீன் தின்றுவிட்டுப் போனார். ஆடுகள் அதன் வயிற்றுக்கடியில் படுத்தன, மழைக்காலத்தில் தெருவே அதன் வெதுவெதுப்பான பக்கவாட்டில் துணி காயப்போட்டது, ஷேர் ஆட்டோக்காரர்கள் தெருப்பெயரை விட்டுவிட்டுப் பெரிய அடுப்பு என்று நிறுத்தம் சொல்லத் தொடங்கினார்கள். மதிலுக்கு மேலே அது தலையைத் தூக்கியபோது, அனுமதியில்லாத கட்டடம் என்று ஒரு அதிகாரி தாளும் கையுமாக வந்தார், சுற்றி அளந்தார், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், ஐந்து என்ற பதிலைக் கேட்டுவிட்டு அந்த இரண்டு பெண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கேள்விப்பட்டு ஆறுமுகநயினாரும் ஒருநாள் வந்தார். கம்பெனியில் இந்த அளவு போடுவதே கிடையாது என்று முனகிக்கொண்டே சுற்றிவந்தவர், அன்றைக்கு எத்தனை பேர் என்று சொன்னாய் என்று தணிந்த குரலில் கேட்டார். ஐந்து என்றாள். ஐந்து என்றால் சரிதான் என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மெற்றில்டா மட்டும் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. கொர்னேலி எண்ணிய அந்த ஒன்பது தட்டுகளும் யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். ஐந்து அவள் வீட்டு ஐந்து. ஆறாவது லேயோன் கட்டப்போகிற பெண்ணுக்கு, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற அந்த ஒல்லிப் பெண்தான், அவனுக்குத் தெரியாமலே அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் இவள். மற்றவை அவர்களுக்குப் பிறக்கப்போகிறதுகளுக்கு. வருடம் போகப் போகத் தட்டுகள் பத்தாயின, பன்னிரண்டாயின. அவள் வயதான பிறகு சாப்பாட்டு நேரத்தில் எத்தனை பேர் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டுமோ அத்தனை பேருக்கும் அந்த அடுப்பு பொறுமையாக இடம் போட்டுக்கொண்டே போனது. நூல் கட்டிவிட்டுப் போன பெண்களிடம் இதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

இந்த வளர்ச்சிக்கெல்லாம் இடம் கொடுத்துக்கொண்டே போனது ரீட்டாவின் தையல் மிஷின்தான். முதலில் அது முற்றத்தில், வெளிச்சம் விழும் இடத்தில் இருந்தது. அடுப்பு அகல அகல ஒரு சாண் நகர்ந்தது, பிறகு சுவரோரம் போனது, பிறகு நடைக்குள் வந்தது, கடைசியில் சக்கரம் சுற்ற முழங்கை மடக்க முடியாமல் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. கல்யாணமாகிப் பதினோரு மாதம்தான் இன்னாசியோடு அவள் வாழ்ந்தாள். இப்போது மூன்றரை வருடமாக, அவன் சட்டைகளைத் துவைத்து மடித்துத் திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தைந்து. வேம்பாற்றிலிருந்து அவள் அண்ணன் மூன்று தடவை வந்துவிட்டான். ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவி செத்தவர், ஒரு சின்னப் பெண் இருக்கிறது, தங்கமான மனுஷன், அவரும் காத்துக்கொண்டிருக்கிறார் என்றான். ஆனால் கடலில் இருப்பவனின் மனைவியை அழைத்துப் போக வேண்டுமென்றால், அவனைப் பெற்றவள் தன் வாயால் எண்ணைக் குறைத்துச் சொல்ல வேண்டும், அது தெருவின் கட்டு. அண்ணன் அதைக் கேட்க வாயெடுக்காமல் மூன்று தடவையும் மோர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். ரீட்டாவிடம் கேட்டால், நான் இங்கேதான் இருக்கிறேன் அத்தை என்பாள். மெற்றில்டாவும் அந்தப் பதிலை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள், அவளுக்கு அது வசதியாக இருந்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை, சாம்பல் அள்ளுவதற்காக மெற்றில்டா அடுப்புக்குள் போனாள். எட்டிப் பார்த்த காலம் போய் ஆறு மாதமாயிற்று, இப்போது குனிந்து உள்ளே நடந்தே போகலாம். தட்டுகளைத் தேய்த்துக்கொண்டே உள்பக்கம் போனவள், பின்சுவரோரம் முழங்கால் உயரத்தில், போன வாரம்வரை இல்லாத ஒரு தட்டைப் பார்த்தாள். ஒரு சாணுக்கும் குறைவு. விரல்களை விரித்து வைத்துப் பார்த்தாள், கட்டைவிரல் வெளியே நின்றது. அது யாருக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டு அவள் அப்படியே சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது, தேடிக்கொண்டு வந்த ரீட்டாவும் உள்ளே நுழைந்து அதைப் பார்த்துவிட்டாள்.

ரீட்டா தட்டின் விளிம்பை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“அவுக வந்திருந்தா, அவளுக்கு இப்ப ரெண்டு வயசு முடிஞ்சிருக்கும் அத்த,” என்றாள். “பேரு கூட வச்சிருந்தோம்.”

பெயரைச் சொல்லவில்லை, மெற்றில்டா கேட்கவும் இல்லை. மூன்றரை வருடமாகத் தான் ஒருத்திதான் எண்ணிக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். அந்தப் பெண்ணும் உள்ளுக்குள்ளே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள், பிறக்காத பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடி, பல் முளைக்க வைத்து, நடக்க வைத்து, இங்கே கட்டிலுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு. இந்த அடுப்பு தன் மகனுக்காக வளரவில்லை, தன் மருமகளைத் தின்றுதான் வளர்கிறது என்று மெற்றில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை நாள் உறைக்காமல் இருந்ததற்காகத் தன்மீதே அவளுக்கு அருவருப்பு வந்தது. சாம்பலைத் தட்டிவிட்டு எழுந்தாள், குளித்தாள், கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டினாள், கடைவீதிவரை போய்விட்டு வருவோம் வா என்று ரீட்டாவை அழைத்தாள்.

ஆறுமுகநயினார் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் எழுந்திருப்பது வழக்கமில்லை. அதே மூன்று அளவுகளும் அதே வரிசையில் நின்றன.

“அண்ணாச்சி, அன்னைக்கு அளவு தப்பாச் சொல்லிட்டேன்,” என்றாள் மெற்றில்டா. “மாத்தணும்.”

அவர் வெகுநேரம் மேசையில் இருந்த பில் புத்தகத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால் கேட்டார்.

“வீட்டுல எத்தன பேரும்மா?”

அவள் வாயைத் திறந்தாள், ஐந்து என்று பழகிய நாக்கு ஐந்தையே தேடியது. கயத்தான் தேன் நிறம் தேன் நிறம் என்று சொல்லிச் சொல்லிக் கையை ஆட்டியது வந்தது, கைப்பிள்ளை லேயோன் குளிப்பாட்டும்போது தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தது வந்தது, படியிறங்கின இன்னாசி திரும்பி வந்து மனைவியிடம் ஏதோ காதில் சொல்லிவிட்டு மறுபடி படியிறங்கிப் போனது வந்தது. மூன்று பேரையும் ஒவ்வொருவராக, பெற்ற வாயாலும் கட்டிக்கொண்ட வாயாலும், அந்தக் கடையின் வெயில் விழுந்த சிமெண்ட் தரையில் நின்றபடி அவள் தண்ணீரில் இறக்கினாள்.

“ஒருத்தி.”

“ரெண்டு பேரு,” என்றாள் ரீட்டா பதறிப்போய். அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்த, நான் இருக்கேன்லா.”

மெற்றில்டா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் இரண்டு என்று சொல்லிவிடுவோம் என்று பயந்தாள்.

“ஒருத்திதான் அண்ணாச்சி. இவ ஊருக்குப் போறா.”

நயினார் சிறிய அடுப்பின் பக்கம் போனார், அதன் மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பாடம் எடுக்கத் தோன்றவில்லை.

“ஒரு ஆளுக்குன்னு யாரும் செய்யிறதில்லம்மா,” என்றார். “சின்னதே ரெண்டு பேருக்குத்தான்.”

வெறுங்கையோடு திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோ அவர்கள் தெருவைத் தாண்டி மூன்று தெரு போய்விட்டது, பெரிய அடுப்பைக் காணவில்லையே என்று ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. நடந்து வந்து கதவைத் திறந்தால் முற்றம் முழுவதும் வெயில். மூன்றரை வருடமாக வெயில் படாத செங்கல் தரை வெளிறிக் கிடந்தது, ஆடுகள் நிழலைத் தேடிக் குழம்பி நின்றன, சிவப்பும் நீலமும் பச்சையுமாய் நூல்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. ஜன்னலிலிருந்து ஒயர் வழக்கம்போல இறங்கித் தரையில் நீளமாக ஓடியது. அதன் நுனியில், உள்ளங்கையில் அடங்குகிற அளவில், மூடியும் தொட்டியும் நாலு காலுமாக, அடுப்பு நின்றது.

கொர்னேலி வந்து பார்த்தாள். குனிந்து சிவப்பு நூலை மட்டும் பொறுக்கி எடுத்தாள்.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் மதினி,” என்றாள்.

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் அந்தப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவே இல்லை. ஆனால் ஒரு வீட்டில் எண் குறைந்துவிட்டால் அடுத்த வீட்டில் எத்தனை நாள் பிடித்துவைக்க முடியும், அந்த வாரத்திலேயே ரேஷன் கடையில் ஒருத்தி நான்கு என்பதற்குப் பதிலாக மூன்று என்றாள், கல்யாண வீட்டுப் பந்திக்கு இன்னொருத்தி ஒருவரைக் குறைத்துச் சொன்னாள், கடைசியில் கொர்னேலியே பங்குச்சாமியிடம் போய் மிக்கேலின் பெயரைச் சொல்லி, இறந்தவர்களுக்கு வைக்கிற பூசைக்கு எழுதிக்கொடுத்தாள். ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் பூசை நடந்தது. கோயிலை விட்டு வெளியே வந்த பெண்கள் மெற்றில்டாவைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக நடந்தார்கள், அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, அவர்கள் இடத்தில் இருந்தால் அவளும் அப்படித்தான் நடந்திருப்பாள்.

அடுத்த நாள் காலை ரீட்டாவின் அண்ணன் வேன் கொண்டுவந்தான். கட்டிலுக்கடியிலிருந்து மிஷினை இழுத்துத் தூசி தட்டி ஏற்றினார்கள். ரீட்டா சுவரில் இருந்த சாக்குக்கட்டிக் கோடுகளைத் துடைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றாள் மெற்றில்டா. காலில் விழ வந்தவளைப் பாதியில் தூக்கி நிறுத்தி, அந்தச் சின்னப் பெண்ணுக்கு வயது எத்தனை என்று மட்டும் கேட்டாள். நான்கு என்றாள் ரீட்டா. நான்கு வயதுப் பிள்ளைக்கு முள்ளை எடுத்துவிட்டுத்தான் மீன் கொடுக்க வேண்டும், அவசரத்தில் மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

சனிக்கிழமை வந்தது. துருப்பிடித்துவிடக் கூடாது. மெற்றில்டா மார்க்கெட்டுக்குப் போய் இருந்ததிலேயே சின்னச் சூரையாக ஒன்று வாங்கிவந்தாள், கழுவி உப்பு தடவினாள், முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த அடுப்பின் மூடியை இரண்டு விரலால் தூக்கினாள். உள்ளே ஒரே ஒரு தட்டு. மீன் போகவில்லை. தலையை வெட்டினாள், போகவில்லை. பாதியாக்கினாள், பாதியைப் பாதியாக்கினாள், கடைசியில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு துண்டு சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. தொட்டியில் ஒரே ஒரு மரக்குச்சி பிடித்தது. மூடினாள், சுவிட்சைப் போட்டாள், காத்திருந்தாள்.

புகை நின்றது. மூன்றரை வருடத்தில் ஒரு நாளும் நிற்காத புகை, மூடியிடுக்கில் ஒரு நூலளவுகூடக் கசியாமல் உள்ளேயே நின்றது. நாலு மணி நேரம் கழித்துத் திறந்தபோது அந்தத் துண்டு தேன் நிறத்தில் இருந்தது, ஒரு பக்கமும் பச்சையில்லை, ஒரு பக்கமும் வறண்டிருக்கவில்லை. கயத்தான் கொஞ்சமும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அவளுடைய மீன்குழம்பு அதற்குப் பக்கத்தில் நிற்காது. மெற்றில்டா அதை மென்று விழுங்கினாள். அருகில் வெட்டிப்போட்ட மீதி மீன் கிடந்தது, இன்னும் ஒரு துண்டு வைக்கலாமா என்று வயிற்றைக் கேட்டுப் பார்த்தாள், வேண்டாம் என்றது. நயினார் சொன்ன கணக்கு கடைசியில் சரியாக வந்துவிட்டது, அளவு பொருந்திவிட்டது, அந்த நகத்துண்டு மீனில் அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது. நிறைந்துவிட்டதே என்றுதான், மூன்றரை வருடத்தில் முதல் தடவையாக, அவள் வாய்விட்டு அழுதாள்.